குப்புறப் போட்ட ஆறு பெட்டிகள்

எந்தக் கடைக்குப் போனாலும் அப்பா பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறார், மானம் போகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் புகார் சொன்னது என் காதில் விழுந்தது. போன வாரம் மிக்சி வாங்கப் போனபோது கடைக்காரரே சிரித்துவிட்டார். "சார், அதுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது சார்" என்றார். ஒன்றும் இல்லைதான். ஆனாலும் பார்த்தேன்.

இது எனக்குப் பிறவியில் வந்த பழக்கம் இல்லை. ஓர் அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் சொல்லிக் கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. சந்தேகப்படுவதற்கே அவருக்கு நேரம் போதவில்லை.

இப்போது நீங்கள் கம்ப்யூட்டர் கேட்கிறீர்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வானவில் மாதிரி விளக்கு சுழலும் பெட்டி. போனில் படம் காட்டினீர்கள். அழகாகத்தான் இருந்தது. பார்த்த உடனே அந்த அக்கா என் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. "ஏன் தம்பி, கண்ணாடி போட்டுக் காட்டறானே, எதை மறைக்கிறான்?" என்று கேட்பார். நிச்சயம் கேட்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதும் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸும் படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். பாகங்களைக் கோத்துப் பூட்டுவது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவது, இதுதான் வேலை. பெரியவளே, நீ அப்போது கைக்குழந்தை.

அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் கிராமம். அவர் வீட்டில் எல்லாரும் முன்பு கூலிக்கு நடவு நட்டவர்கள். இவர் காலத்தில் கொஞ்சம் குத்தகை நிலம் வந்திருந்தது. அதோடு ஓர் அரிசி ஆலையின் களத்தில் வேலை. லாரியில் வருகிற நெல் மூட்டைகளைச் சோதித்து, இது காய்ந்தது, இது ஈரம், இது கலப்பு என்று சொல்வது அவர் பொறுப்பு. ஒரு நெல்லை எடுத்து முன்பல்லில் கடிப்பார். 'டக்'கென்று முறிந்தால் தலையாட்டுவார். இல்லாவிட்டால் துப்புவார். துப்பினால் லாரி திரும்ப வேண்டியதுதான். மூட்டையை எப்போதும் அடியில்தான் குத்திப் பார்ப்பார். மேலே நல்ல நெல்லைப் போட்டு அடியில் பதரைப் போடுவது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை.

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் கடைக்கு எப்படி வந்தார் என்றால், அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். ஊர்ப் பெண்பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளட்டும் என்று சமுதாயக்கூடத்துக்கு ஆறு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. மகளிர் குழுவிலிருந்து ஒருவர் பொருளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரை அனுப்பலாம் என்று குழுவில் பேசினார்களாம். "அவளை அனுப்புங்கடி. கடவுளே நேர்ல வந்தாலும் முதுகைக் காட்டுன்னு கேப்பா" என்று இவரைத் தள்ளிவிட்டார்களாம்.

முதல் நாள் அவர் கடைக்குள் நுழைந்தது நன்றாக நினைவிருக்கிறது. செருப்பை வெளியே விட்டார். விட்ட செருப்பு கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். முதலாளி டீ சொன்னார். டீ வந்ததும் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே மேஜையில் வைத்தார். கடைசிவரை குடிக்கவில்லை.

முதலாளி எங்களிடம் இருந்ததிலேயே பளபளப்பான கேபினெட்டை, அதாவது பாகங்களை வைத்துப் பூட்டும் பெட்டியை, எடுத்து முன்னால் வைத்தார். கறுப்புக் கண்ணாடி மாதிரி முகம். நடுவில் நீல விளக்கு. இரண்டு பக்கமும் வலை வலையாக டிசைன்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "அதனால வெளிய மட்டும் பாக்கறேன். வெளியில பொய் சொல்றது உள்ள மட்டும் உண்மையா இருக்கப் போறதில்ல."

வலையில் விரல் நுனியை வைத்துத் தேய்த்தார். வலையின் ஒரு கண்ணை விரல் நகத்தால் குத்திப் பார்த்தார். நகம் உள்ளே போகவில்லை.

"தம்பி, இது சல்லடையா, சல்லடைப் படமா?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அந்த வலைக்குப் பின்னால் முழு பிளாஸ்டிக். ஓட்டையே கிடையாது. அத்தனை நாள் அந்தப் பெட்டியை விற்றிருக்கிறோம், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நானே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"அது டிசைன்க்கா" என்றார் முதலாளி. "காத்து பின்பக்கமாப் போயிடும்."

"மூச்சு பின்னாடி விடுதுன்னா மூக்கை ஏன் முன்னாடி வரைஞ்சிருக்காங்க?"

முதலாளி சளைக்கவில்லை. "தூக்கிப் பாருங்க, எவ்ளோ கனம்! தகடு அப்படி."

அக்கா தூக்கவில்லை. "நனைஞ்ச நெல்லும் கனமாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு முன்பக்கம் இருந்த சின்ன மூடியைத் திறந்து மூட ஆரம்பித்தார். பென் டிரைவ் குத்துகிற இடத்தை மறைக்கிற மூடி அது. திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். வேறு வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார். நாற்பதைத் தாண்டி எங்கோ அந்த மூடி அவர் கையோடு வந்துவிட்டது. அதை முதலாளியின் உள்ளங்கையில் வைத்து, "பொண்ணுங்க ஒரு நாளைக்கு இவ்ளோ தடவை திறப்பாங்க" என்றார். கோபமே இல்லை. அதுதான் முதலாளிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒவ்வொரு பெட்டியாக அன்று அவர் தள்ளிய காரணங்களைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்றில் போடுகிற பொத்தானும் நிறுத்தி மறுபடி எழுப்புகிற பொத்தானும் ஒரே அளவில் அக்கம்பக்கமாக இருந்தன. "ரெட்டைப் புள்ளை மாதிரி இருக்கு. அவசரத்துல எதை அமுக்குவாங்க?" இன்னொன்றில் பின்பக்கத் தகடு திறந்திருந்தது. சுண்டுவிரலை அதற்குள் விட்டுக் காட்டினார். "என் விரல் போனா சுண்டெலி போகும். அறுப்பு முடிஞ்சா எலியெல்லாம் வயல்ல இருந்து ஊருக்குள்ளதான் வரும்." இன்னொன்று தரையோடு தரையாக இருந்தது. "ஐப்பசி கார்த்திகையில கூடத்துக்குள்ள தண்ணி வந்தா இது முதல்ல குடிச்சிடும்." விளிம்பில் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றில் கை கீறியது. ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினார். பளபளப்பு இல்லை, விளக்கு இல்லை. முன்னாலும் பின்னாலும் நிஜமான ஓட்டைகள். அடியில் நான்கு உயரமான ரப்பர் கால்கள். யாரும் கேட்காத மாடல் அது.

"இதுக்கு மூஞ்சியே இல்லையேக்கா" என்றேன்.

"மூஞ்சி இருந்தாத்தான தம்பி நடிக்கும்" என்றார்.

அவர் போன பிறகு முதலாளி சொன்னார்: "இவ்ளோ நோண்டறவங்க எல்லாம் ஏதோ எதிர்பாக்கறவங்கடா. ஏதாவது குடுத்தா அடங்கிடும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்? அவர் எங்களைச் சந்தேகப்பட்ட அளவுக்கு நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் அவர் வந்தபோது முதலாளி வண்ணக் காகிதம் சுற்றிய ஹாட்பாக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். அக்கா காகிதத்தைப் பிரித்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். மூடியைத் திருகிப் பார்த்தார்.

"மூடி சரியா உக்காரலியே. வாங்கின கடையில மாத்திக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. பொருள் சின்னது என்று வேண்டாம் என்றாரோ என்று யோசித்தேன். மனசு அப்படி.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்தச் சாம்பல் நிற மாடல் எங்களிடம் ஐந்துதான் புதிதாக இருந்தது. ஆறாவது கிடைக்கப் பத்து நாள் ஆகும். வகுப்பு வெள்ளிக்கிழமை தொடங்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர் வேறு, அதற்குள் கையெழுத்து வராவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம்.

கடைப் பரணில் அதே மாடலில் பழையது ஒன்று இருந்தது. ஓர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் ஓடித் திரும்பி வந்தது. முதலாளி அதை இறக்கி என் முன்னால் வைத்தார். "உள்ள எல்லாம் நல்லாத்தான் ஓடுது. தொடைச்சுக் குடு. அஞ்சோட ஆறு. யாருக்குத் தெரியும்?"

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதோடு நிற்காமல், அந்த வேலையை ஆசையாகச் செய்தேன். பல் துலக்குகிற பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்தேன். ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசையைப் பிளேடால் சுரண்டினேன். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற பாலிஷைப் பஞ்சில் தொட்டுப் பூசினேன். ஸ்குரூ எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். அந்த அக்கா அடியிலிருந்துதான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியுமே! அதனால் அடிப்பக்கத்தை இரண்டு தடவை துடைத்தேன். தேய்ந்த ரப்பர் கால்களைப் பிடுங்கிவிட்டுப் புதிய கால்களை ஒட்டினேன். புது அட்டைப்பெட்டியில் வைத்து மூடியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தை மாதம் அது. அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலை முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். சின்ன லோடு வண்டியில் ஆறு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். சமுதாயக்கூடத்தில் குழுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். குழுத் தலைவி வாசலில் கோலம் போட்டு, குங்குமச் சிமிழோடு நின்றார்.

"பிரிச்சுப் பொட்டு வைப்போமா?" என்றார் தலைவி.

"இருங்கக்கா" என்றார் நம் அக்கா. "தம்பி, ஆறையும் பிரிச்சுக் குப்புறப் போடுங்க."

ஜமக்காளத்தில் ஆறு பெட்டிகளும் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. பெண்கள் சிரித்தார்கள். "பிரசவம் பாக்கப் போறாடி" என்றாள் ஒருத்தி.

அக்கா முதல் பெட்டியின் அடியில் விரலை வைத்து இழுத்தார். விரலில் மாவு மாதிரித் தூசி. தெர்மக்கோல் பொடி. தலையாட்டினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு. நான்கு. ஐந்து. ஆறாவதில் விரலை இழுத்தார். விரலைப் பார்த்தார். திரும்பவும் இழுத்தார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"இதுல தூசியே இல்ல" என்றார்.

தலைவிக்கு எரிச்சல் வந்தது. "அதுக்கு என்னடி? சுத்தமா இருந்தாலும் குத்தமா?"

"புது நெல்லுல தூசி இருக்கும்க்கா, சுணை இருக்கும். கையில எடுத்தா அரிக்கும். அரிக்காத நெல்லு ஏற்கெனவே யாரோ தூத்தின நெல்லு." பெட்டியைத் தட்டினார். "அஞ்சுக்குத்தான் நான் எழுதுவேன்."

கூடம் கொதித்துவிட்டது. ஆறு இல்லையென்றால் சிங்கப்பூர்க்காரர் என்ன சொல்வாரோ என்று ஒருத்தி. என் மகள் பேர் கொடுத்துக் காத்திருக்கிறாள் என்று இன்னொருத்தி. தலைவி எல்லார் முன்னாலும் கேட்டே விட்டார்:

"உனக்கு என்னதான் வேணும், வாயத் தொறந்து சொல்லேன்டி! கடைக்காரன் ஏதாவது குடுத்தாத்தான் கையெழுத்துப் போடுவியா?"

நானும் முதலாளியும் ரகசியமாகப் பேசிய அதே வார்த்தை. ஊர் நடுவில் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. அக்காவின் முகம் சுருங்கியது. களத்தில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பெல்லாம் அவர் எதையும் வாங்காதவர் என்பதால் வந்தது. நாளை இந்தப் பேச்சு ஆலைக்குப் போகும். எந்த லாரிக்காரனும் சிரிப்பான். அது எனக்கும் புரிந்தது. ஹாட்பாக்ஸ் கதையை நான் ஒரு வாய் சொன்னால் போதும், அவர் பேர் தப்பிக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களே சொல்லுங்க. இது புதுசா?"

"புதுசுதான்க்கா" என்றேன்.

பிள்ளைகளே, இதை நான் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ஆனால் நான் சொன்னது அதுதான். குரல் கூட நடுங்கவில்லை.

அக்கா தலைவியிடமிருந்து காகிதத்தை வாங்கினார். தரையில் உட்கார்ந்து மெதுவாக எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "ஐந்து பெட்டி நான் பார்த்தேன், புதுசு. ஆறாவது பெட்டியும் புதுசு என்று கொண்டுவந்தவர் சொன்னார்." அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு காகிதத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"சொன்னதுக்குக் கீழ உங்க பேரை எழுதிடுங்க. அவ்ளோதான். பொட்டு வச்சிடலாம்."

இனிஷியலை எழுதினேன். என் அப்பா பேரின் முதல் எழுத்து அது. அதற்கு மேல் கை ஓடவில்லை. வெட்கமா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேனாவை மூடினேன்.

"இது பழசுக்கா. நான்தான் தொடைச்சேன். காலும் நான்தான் மாத்தினேன்." தலைவி பக்கம் திரும்பினேன். "அப்புறம்... முதலாளி குடுத்ததை எல்லாம் இவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. எதையும் வாங்கல."

எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அந்தத் திட்டையெல்லாம் எழுதினால் உங்கள் அம்மா கிழித்துப் போட்டுவிடுவாள். தலைவி மட்டும் திட்டவில்லை. அவர் அக்காவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கிளாஸில் டீ கொண்டுவந்து நீட்டினார். அக்கா கிளாஸை வாங்கி, அடியைப் பார்த்து, "கழுவலியாக்கா?" என்றார். தலைவி சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் குடித்தார்.

சிங்கப்பூர்க்காரருக்கு அன்றே போன் செய்தார்கள். ஐந்தோடு வகுப்பைத் தொடங்குங்கள், ஆறாவது வந்தபின் எழுதுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கடையில் நாற்காலி ஆடியது. முதலாளி என்னை வெளியே போ என்று சொல்லவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நானே வெளியேறினேன்.

அதற்கு முன்னால், சொன்னபடி பத்து நாள் கழித்து, புத்தம் புதுப் பெட்டி ஒன்றை நானே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா மறுபடி ஆறையும் குப்புறப் போடச் சொன்னார்.

"அஞ்சை அன்னைக்கே பாத்துட்டீங்களேக்கா. நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே!"

"அன்னைக்குப் பாத்தது அன்னைக்கு. நடுவுல பத்து நாள் நீங்க பக்கத்து ஊர்லதான இருந்தீங்க?"

ஆறையும் கவிழ்த்தேன். ஆறிலும் விரலை இழுத்தார். ஆறாவதில் தூசி நிறைய இருந்தது. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த பிறகு அதை ஒரு துணிகூடத் தொடவிடாமல் கொண்டுவந்திருந்தேன். அக்கா விரலை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான்கைந்து வருஷம் கழித்து அவரைத் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வாழைப்பழக் கடையில் ஒரு சீப்பைத் திருப்பிப் பின்வரிசைப் பழங்களை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய், "அக்கா, என்னைத் தெரியுதா? இப்ப சொந்தமா ரிப்பேர் கடை வச்சிருக்கேன்" என்றேன்.

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். செருப்பைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"தெரியுது. பழசைப் புதுசுன்னவரு."

"அப்புறம் உண்மையையும் சொன்னேன்லக்கா?"

"எழுதச் சொன்ன பெறகுதானே" என்றார். பஸ் வந்தது. பழத்தை வாங்காமலே ஏறிப் போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் சில நாள் வரும். ஒருவன் ஒரு தடவை செய்ததற்கு எத்தனை வருஷம் கணக்கு வைப்பது என்று தோன்றும். ஆனால் என் கடைக்கு வருகிற பழைய பெட்டிகளைச் சுத்தம் செய்து விற்கும்போது நான் அடிப்பக்கத்தைத் தொடுவதில்லை. தேய்ந்த கால் தேய்ந்த காலாகவே இருக்கும். வாங்குகிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நீங்கள் கேட்ட பெட்டியைக் கடையில் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கண்ணாடி வைத்ததுதான், வானவில் விளக்குதான். முன்பக்க வலையில் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டேன், சல்லடை நிஜம். ஆனால் நான் பார்த்தேன் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். விளக்கைப் போடுவதற்கு முன்னால் அதை ஜமக்காளத்தில் குப்புறப் போட்டு, அடியில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். கொண்டுவருவது உங்கள் அப்பாதான் என்றாலும்.